வணிகன் வளைவது யாருக்காக?

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த கிராம வாசிகசாலை ஆண்டு விழா ஒன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் வணிகம். வாசிகசாலை மேடையில் வணிகத்துக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். காலையில் பல் தீட்டும் பற்பசை முதல் இரவில் குழந்தைக்குக் கரைத்துக் கொடுக்கும் பால்மா வரை நாள்தோறும் நம் வீட்டுக்குள் நுழைகின்ற விருந்தாளி யார்? கடல் கடந்து வந்த வணிகனே. நாம் எவ்வளவு உறைப்பு உண்போம், எந்த மாதத்தில் நம் கையில் காசு புழங்கும், எந்தப் பண்டிகைக்கு என்ன வாங்குவோம் என்பனவெல்லாம் அவனுடைய ஏட்டில் எழுதப்பட்டிருக்கின்றன. அவன் நம்மை அறிந்த அளவுக்கு நாம் அவனை அறிந்திருக்கிறோமா? இந்த ஒரு கேள்விக்காகவே இன்று உங்கள் நேரத்தைக் கேட்கின்றோம்.

உலகமெங்கும் கடை விரித்த பெருங் கம்பனிகள், தம் பண்டங்களை அந்தந்த நாட்டு மக்களின் பழக்கவழக்கங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்கின்றன. பண்பாட்டுக்குக் கிடைத்த மரியாதை இது என்று சிலர் புகழ்கின்றனர். தூண்டிலில் கோத்த புழு என்று வேறு சிலர் இகழ்கின்றனர். இரண்டும் முழு உண்மை அல்ல. வணிகன் வளைவது நம்மீது கொண்ட அன்பினாலும் அன்று, பகையினாலும் அன்று. எந்த இடத்தில் மக்கள் “இது எமக்கு வேண்டாம்” என்று நிமிர்ந்து நிற்கிறார்களோ, அந்த இடத்திலே அவன் வளைகிறான். எந்த இடத்தில் அவர்கள் வாய் மூடி இருக்கிறார்களோ, அந்த இடத்திலே அவர்களை வளைக்கிறான். இதற்குச் சான்றுகளை ஒவ்வொன்றாக உங்கள் முன் வைக்கின்றோம்.

விறாந்தையில் இருந்த இயந்திரம்

முதலில் நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம். நம் பாட்டிமார் காலத்து வீட்டு விறாந்தைகளில், காலால் மிதித்துத் தைக்கும் இரும்புத் தையல் இயந்திரம் ஒன்று இருந்ததைப் பலர் அறிவீர்கள். அமெரிக்கக் கம்பனியாகிய சிங்கர் 1877ஆம் ஆண்டிலே இலங்கையில் கடை திறந்தது. மின்சாரம் எட்டிப்பாராத ஊரிலும் அந்த இயந்திரம் ஓடியது. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. முழு விலையையும் ஒரே நாளில் எண்ணி வைக்க முடியாத குடும்பம் சிறுகச் சிறுகக் கட்டித் தீர்க்கும் தவணை முறையை, 1850களிலேயே அந்தக் கம்பனி அமெரிக்காவில் கையாளத் தொடங்கியிருந்தது. பண்டத்தை மட்டும் செய்தால் போதாது, வாங்குபவனுடைய வருமானம் எப்படி வருகிறது என்பதையும் அறிய வேண்டும் என்பதே அதன் பாடம். போகத்துக்குப் போகம் காசு காணும் கமக்காரனுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கேளாமல் வந்தவனும் கேட்டு வந்தவனும்

இனி அயல் நாடாகிய இந்தியாவைப் பார்ப்போம். 1994இல் கெலொக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பனி அங்கே சோளச் செதில் உணவைக் கொண்டுவந்தது. குளிர்ந்த பாலில் இட்டால் மொறுமொறுப்பாக இருக்கும் உணவு அது. ஆனால் இந்தியத் தாய்மார் பாலைக் காய்ச்சிச் சூடாக ஊற்றுபவர்கள். சூடான பால் பட்டதும் செதில் குழைந்து கூழாயிற்று. விலையோ சாதாரண குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. இவை போதாதென்று, உங்கள் காலை உணவில் சத்துப் போதாது என்ற தோரணையில் விளம்பரமும் செய்தார்கள். இட்டலியும் தோசையும் பராட்டாவும் உண்டு வளர்ந்த மக்கள் இதைக் கேட்டுச் சண்டைக்குப் போகவில்லை, ஊர்வலமும் நடத்தவில்லை. புதுமைக்காக ஒரு முறை வாங்கினார்கள், மறுமுறை வாங்கவில்லை. அவ்வளவுதான்! பின்னர் அந்தக் கம்பனி சுவையை மாற்றியது, பொதியின் அளவைக் குறைத்தது, பேச்சையும் மாற்றிக்கொண்டது. மக்களின் மௌனமான மறுப்பு எத்தனை வலியது என்பதை இதிலே காண்கின்றோம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1996 ஒக்டோபரில், மக்டொனால்ட்ஸ் புதுடில்லியில் தன் முதற் கடையைத் திறந்தது. மாட்டிறைச்சி விற்றே உலகப் பெயர் பெற்ற அந்தக் கம்பனி, இந்தியாவில் மாட்டிறைச்சியும் இல்லை, பன்றியிறைச்சியும் இல்லை என்று அறிவித்தது. ஆட்டிறைச்சியில் ‘மகாராஜா மாக்’ என்றொரு பண்டத்தைச் செய்தது. பிறகு அதைக் கோழியிறைச்சிக்கு மாற்றியது. உருளைக்கிழங்கை மசித்து, மசாலை சேர்த்துப் பொரித்த ‘ஆலு டிக்கி’ என்ற வடநாட்டுத் தெருப் பலகாரத்தை ரொட்டிக்குள் வைத்து விற்றது. மரக்கறி சமைக்கும் இடம் வேறு, இறைச்சி சமைக்கும் இடம் வேறு, பாத்திரங்களும் வேறு, பணியாளரும் வேறு என்று அடுக்களையையே இரண்டாகப் பிரித்தது. முட்டை சேராத வெண்சாறு ஒன்றையும் புதிதாக ஆக்கியது. கதவைத் திறக்குமுன் பல ஆண்டுகளாக மக்களின் வழக்கங்களை ஆராய்ந்து, காய்கறி தரும் கமக்காரரையும் தேடிப் பழக்கி வைத்திருந்தது. கேளாமல் வந்தவன் திகைத்து நின்றான். கேட்டு வந்தவன் நிலைத்தான்.

ஆனால், அன்பர்களே, கதை அங்கே முடியவில்லை. அதே கம்பனி தன் சொந்த நாட்டில் என்ன செய்தது? உருளைக்கிழங்குப் பொரியலைத் தாவர எண்ணெயிலேயே பொரிக்கிறோம் என்று 1990இல் அறிவித்திருந்தது. அமெரிக்காவில் குடியேறிய இந்துக்களும் மரக்கறி உண்போரும் அதை நம்பி உண்டனர். அந்தப் பொரியலில் மாட்டிறைச்சியிலிருந்து எடுத்த சுவையூட்டி சேர்க்கப்பட்டிருந்தது என்பது பின்னர் வெளிப்பட்டது. 2001இல் வழக்குத் தொடரப்பட்டது. செய்தி இந்தியாவுக்கு எட்டியதும் அங்குள்ள கடைகள் சில தாக்கப்பட்டன. இந்தியப் பொரியலில் அத்தகைய பொருள் இல்லை என்று கம்பனி விளக்கம் தர வேண்டியதாயிற்று. 2002இல் மன்னிப்புக் கேட்டு, மரக்கறி உண்போருக்கும் சமய நிறுவனங்களுக்குமென ஒரு கோடி டொலர் கொடுக்க அது இணங்கியது. கூட்டம் பெரிதாக இருந்த புதுடில்லியில் அடுக்களையைப் பிரித்தவன், கூட்டம் சிறிதாக இருந்த அமெரிக்காவில் அதே மக்களின் நம்பிக்கையை ஒரு பொருட்டாக எண்ணவில்லை. பண்பாட்டு மரியாதை என்று நாம் கண்டது, தலைகளை எண்ணிப் பார்த்துச் செய்த கணக்கே அல்லவா? சிறுபான்மையாய் வாழும் எந்த மக்களும் இதை மறத்தல் ஆகாது.

ஆசானாக நின்ற சிறியோர்

கம்பனிகளுக்குப் பாடம் கற்பித்தவர் வாங்குவோர் மட்டும் அல்லர். உள்ளூர்ச் சிறு உற்பத்தியாளரும் கற்பித்தனர். 1969இல் குசராத் மாநிலத்தில் கர்சன்பாய் பட்டேல் என்ற அரசாங்க இரசாயன உத்தியோகத்தர், வேலை முடிந்த நேரத்தில் சலவைத்தூள் ஆக்கிச் சைக்கிளில் கொண்டுபோய் வீடு வீடாக விற்றார். நிர்மா என்பது அதன் பெயர். வெளிநாட்டுக் கம்பனியின் சலவைத்தூள் கிலோ ஏறத்தாழ பதின்மூன்று ரூபாவாக இருந்த காலத்தில், இவர் ஏறத்தாழ மூன்று ரூபாவுக்குக் கொடுத்தார். ஏழைக் குடும்பங்கள் அதை வாங்கின. 1980களின் நடுப்பகுதியில் நிர்மாவின் விற்பனை பெருங் கம்பனியின் தூளை மிஞ்சியது. அதன்பிறகே அந்தக் கம்பனிக்குக் கண் திறந்தது. ‘வீல்’ என்ற மலிவான தூளைச் செய்து கிராமத்துக்கு அனுப்பியது.

இதனினும் நமக்கு நெருங்கிய சான்று தமிழகத்துக் கடலூரில் உண்டு. அரப்பும் சீயக்காயும் அவித்துத் தலை முழுகிய மக்களிடையே ஷாம்பு என்பது போத்தலில் வரும் செல்வர் பண்டமாக இருந்தது. கூலிக்காரனும் வாங்கக்கூடிய அளவில் பண்டங்களைச் சிறு பொதியில் அடைக்க வேண்டும் என்று எண்ணிய முன்னோடிகளில் ஒருவர் கடலூர்ச் சின்னி கிருஷ்ணன். அவருடைய மகன் சி. கே. இரங்கநாதன் 1983இல் பதினையாயிரம் ரூபா முதலோடு ‘சிக்’ ஷாம்புத் தொழிலைத் தொடங்கினார். ஊர் ஊராகச் சென்று, பள்ளிச் சிறுவன் ஒருவனின் தலையைக் கூட்டத்தின் நடுவே கழுவிக் காட்டி, முடியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி விற்றார்கள். வெற்றுப் பொதிகளைத் திருப்பித் தந்தால் புதிய பொதி ஒன்று இலவசம் என்றார்கள். பின்னர் ஐம்பது சதத்துக்கே ஒரு பொதி கொடுத்தார்கள். உலகப் பெருங் கம்பனிகள் அதைப் பார்த்துத் தாமும் சிறு பொதியில் இறங்கின. நாளாந்தக் கூலியில் வாழும் குடும்பம் அன்றாடத் தேவையை அன்றன்றே வாங்கும் என்ற உண்மை எந்தப் பல்கலைக்கழகத்திலும் பிறந்தது அன்று. பெட்டிக்கடை வாசலில் நின்று கண்டது அது.

இங்கே மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுதல் நேர்மை ஆகாது. அந்தச் சிறு பொதி இன்று ஆசிய நாடுகளின் வாய்க்கால்களையும் வரம்புகளையும் அடைத்துக் கிடக்கின்றது. நம் நாட்டிலும் 2021இல், உணவும் மருந்தும் தவிர்ந்த பொருள்களுக்கான இருபது மில்லிலீற்றர், இருபது கிராம் வரையான பொதிகள் தடை செய்யப்பட்டன. ஏழையின் கைக்கு ஏற்ற அளவு அவன் வயலுக்கு ஏற்றதாய் அமையவில்லை. வழக்கத்துக்கு ஏற்ப மாற்றிய பண்டம் மண்ணுக்கும் ஏற்றதா என்று கேட்பவர் நாமாகத்தான் இருக்க வேண்டும். அந்தக் கேள்வியை வணிகன் தானாகக் கேட்கமாட்டான்.

வெள்ளுடுப்பும் விதைக்கிழங்கும்

வணிகன் மக்களின் வழக்கத்தை அறிந்தும் அதை அவர்களுக்கு எதிராகப் பயன்படுத்திய கதை ஒன்றும் உண்டு. தாய்மார் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். மருத்துவமாதின் வெள்ளுடுப்பை மக்கள் மதிப்பர் என்று அறிந்த பால்மாக் கம்பனிகள், விற்பனைப் பெண்களுக்கு அந்த உடுப்பையே அணிவித்து ஏழை நாடுகளின் பிரசவ விடுதிகளுக்கு அனுப்பின. 1939இலேயே வைத்தியர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார் சிங்கப்பூரில் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் உரையாற்றி, தாய்ப்பாலுக்கு ஈடாகத் தகரப் பாலை விற்பதைக் கண்டித்தார். தூய நீர் இல்லாத வீட்டில், எழுத்தறியாத தாய், விலை தாங்காமல் மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிக் கரைத்தாள். குழந்தைகள் மடிந்தன. 1977இல் அமெரிக்காவில் நெஸ்லே கம்பனிக்கு எதிராகப் பகிஷ்காரம் தொடங்கியது. 1981இல் உலக சுகாதார நிறுவனம் இத்தகைய விற்பனையைக் கட்டுப்படுத்தும் ஒழுக்கக் கோவையை ஏற்றது. மக்களின் மரியாதையை அறிந்துகொண்ட கம்பனிகள், அவர்களின் கிணற்றையும் வறுமையையும் அறியவில்லை. அறிய விரும்பவில்லை என்பதே பொருந்தும்.

அடுத்த கதை கமக்காரருக்கு உரியது. அந்நியக் கம்பனி பொரித்த கிழங்கை இந்தியாவில் விற்க வேண்டுமானால் அங்கேயே கிழங்கு விளைய வேண்டும். நம் கறிக்கிழங்கில் நீர் அதிகம், பொரித்தால் கறுக்கும். ஆகவே பொரிப்பதற்கேற்ற இனங்களைக் கொண்டுவந்து, குசராத் போன்ற இடங்களில் உழவரோடு ஒப்பந்தம் செய்து பயிரிடுவித்தார்கள். நிச்சயமான விலை கிடைத்ததால் உழவர் பலர் பயன் பெற்றனர் என்பதை மறுக்க மாட்டோம். ஆயின், 2019இல் நடந்தது என்ன? தான் பதிவு செய்திருந்த கிழங்கினத்தைத் தன் அனுமதியின்றிப் பயிரிட்டார்கள் என்று பெப்சிக்கோ கம்பனி குசராத் உழவர் சிலர் மீது வழக்கு வைத்தது. சிலரிடம் தலா ஒரு கோடி ரூபாவுக்கு மேல் நட்டஈடு கேட்டது! நாடெங்கும் கண்டனம் எழுந்ததும் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2021இல் பயிரினப் பாதுகாப்பு அதிகாரசபை அந்தப் பதிவையே நீக்கியது. 2024 ஜனவரியில் டில்லி உயர் நீதிமன்றம் அந்த நீக்கத்தைத் தள்ளுபடி செய்து கம்பனிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

மக்களின் நாவுக்கு ஏற்பப் பண்டத்தை மாற்றியவன் அத்தோடு நிற்பதில்லை. விதை வரை இறங்கி வருகின்றான். பண்டம் நமக்கு ஏற்றதா என்று மட்டும் கேட்டால் போதாது. விதை யாருடையது, ஒப்பந்தம் எந்த மொழியில் எழுதப்பட்டுள்ளது, அதை வாசித்து விளங்கியவர் யார் என்றும் கேட்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

இவற்றையெல்லாம் கேட்டபின், “பெருங் கம்பனிக்கு முன் நாம் எம்மாத்திரம்?” என்று சோர்ந்துவிட வேண்டாம். பிலிப்பைன்ஸ் நாட்டைப் பாருங்கள். 1975இல் டோனி டான் காக்டியோங் என்ற இளைஞர் குடும்பத்தாருடன் ஐஸ்கிறீம் கடை தொடங்கினார். அதுவே ஜொலிபீ என்ற உணவுக்கடையாக வளர்ந்தது. 1981இல் மக்டொனால்ட்ஸ் அந்த நாட்டுக்கு வந்தபோது, இனி ஜொலிபீ இல்லை என்றே பலர் எண்ணினர். ஆனால் தன் மக்கள் இனிப்புச் சுவையை விரும்புவர், சோறின்றி வயிறு நிறைந்ததாகக் கருதார் என்பது ஜொலிபீக்குத் தெரியும். அந்தச் சுவையை விடாது பற்றி நின்றது. முடிவில், சோறும் கோழிப் பொரியலும் இனிப்பான ஸ்பகெற்றியும் விற்க வேண்டிய நிலை வந்தவன் மக்டொனால்ட்ஸே! இன்று அந்நாட்டில் ஜொலிபீயே முதலிடத்தில் நிற்கின்றது. வேலை தேடிக் கடல் கடந்த தன் மக்களைப் பின்தொடர்ந்து 1998இல் அமெரிக்காவிலும் கடை திறந்தது.

யப்பானையும் ஒரு வார்த்தை சொல்வோம். மொமொபுக்கு ஆன்டோ என்பவர் 1958இல் உடனடி நூடில்ஸைக் கண்டுபிடித்தார். 1966இல் அமெரிக்கா சென்றபோது, அங்குள்ளோர் அதை உடைத்துக் கோப்பையில் இட்டு வெந்நீர் ஊற்றி முள்ளுக்கரண்டியால் உண்பதைக் கண்டார். சிரித்துவிட்டுத் திரும்பவில்லை. 1971இல் கோப்பையிலேயே அடைத்த நூடில்ஸை வெளியிட்டார். நம் ஊரில் லாண்ட்மாஸ்டர் என்று நாம் அழைக்கும் இரண்டு சில்லு உழவு இயந்திரத்தையும் எண்ணிப் பாருங்கள். அந்தப் பெயர் ஆங்கிலேயக் கம்பனியினுடையது. ஆனால் நம் வயலில் ஓடுவனவற்றுள் யப்பானிலிருந்து வந்தவை பல. சிறு துண்டு வயலையுடைய தன் உழவனுக்காக யப்பான் உருவாக்கிய இயந்திரம், சிறு துண்டு நிலமுடைய நமக்கும் பொருந்திற்று. தன் வயலை நன்கு அறிந்து செய்த பண்டம் அயலான் வயலையும் வென்றது.

அன்பர்களே, நம் நாவின் சுவையை நம்மைவிட நன்கு அறிந்தவர் வேறு யார்? ஒடியல் மாவின் மணமும் பனங்கட்டியின் பதமும் புழுக்கொடியலின் கடியும் எந்தச் சந்தை ஆராய்ச்சிக்கும் எட்டாதவை. பனை அபிவிருத்திச் சபை 1978இல் அமைந்தது. ஆண்டுகள் பல சென்றன. நாம் அறிந்ததைச் சுத்தமாகவும், ஒரே தரத்திலும், அளவு பிழையாமலும் ஆக்கி விற்கும் பழக்கம் எத்தனை வீடுகளில் வேரூன்றியுள்ளது? நாம் கண்டுங் காணாமல் இருந்தால், நம் அடுக்களையின் மணத்தை இன்னொருவன் தகரத்தில் அடைத்து நம்மிடமே விற்பான். அன்று அவனைக் குறை சொல்வதில் பயன் இராது.

ஆகவே மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கின்றோம். கற்றோரே, வைத்தியரே, சட்டத்தரணிகளே, கணக்காளரே, உங்கள் அறிவில் ஒரு பங்கை ஊர்ச் சிறு உற்பத்தியாளருக்குக் கொடுங்கள். தரச் சான்று பெறவும் ஒப்பந்தம் வாசிக்கவும் கணக்கு எழுதவும் அவர்களுக்குத் துணை நில்லுங்கள். கமக்காரப் பெருமக்களே, விதை வாங்குமுன்னும் கையொப்பம் இடுமுன்னும் கேளுங்கள். தனித்துக் கேட்டால் பதில் வராது, சங்கமாய்க் கேளுங்கள். தாய்மார்களே, பொதியைப் புரட்டிப் பாருங்கள். உங்கள் மொழியில் அதிலே என்ன எழுதியிருக்கிறது, உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்று பார்த்து, வேண்டாததைக் கடையிலேயே விட்டு வாருங்கள். கெலொக்ஸைத் திருத்தியது நீங்கள் செய்யக்கூடிய அந்தச் சிறு செயலே.

வணிகன் வளைவான். வளைய வைப்பது நம் கையில் உள்ளது.